டோலனின் மரத்துண்டு

இந்த இடத்தில் யாரும் இருக்கினமோ, பிள்ளை? இல்லையென்றால் இருக்கிறேன். பயப்படாதையும், ஊர் எது, தகப்பன் யார் என்று விசாரிக்கிற ஆள் நான் இல்லை. உமது கழுத்தில் தொங்குகிற மட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மதுராங்கி. எங்கடை பிள்ளை என்று விளங்கிவிட்டது. அதற்கு மேலே ஆஸ்பத்திரியின் பெயர், நேர்ஸ் என்று இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நானும் இந்தப் பஸ்ஸில் அங்கேதான் போகிறேன். போகிறேன் என்றால், இந்தப் பையைக் கொடுக்கப் போகிறேன். என் மனிசி கட்டித் தந்தது. இடியப்பம், சொதி, இன்றைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருக்கிறாள். அங்கே பஞ்சலிங்கம் என்று ஒருவன் படுத்திருக்கிறான். என் மாமாவின் மகன், மச்சான் முறை. நாலு நாளுக்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லி இன்றைக்கு மூன்றாம் நாள். பையைக் கொடுத்தால் என் அலுவல் முடிந்தது. ஆளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக நான் அவனோடு கதைப்பதில்லை.

ஏன் என்று கேட்காதையும். அது வேறு கதை.

அந்தா, வலது பக்கம் பாரும். நாலு வெள்ளைக் கம்பம் நிற்கிற மைதானம். ஹரோஃபீல்ட் கழகம், பந்தைக் கையாலும் பிடிக்கிற இந்த நாட்டுப் புட்போல் ஆடுகிற இடம். முப்பத்துமூன்று வருஷம் அங்கே புல் வெட்டினேன், கோடு போட்டேன், குளிக்கிற அறை கழுவினேன். இப்பவும் கிழமையில் மூன்று நாள் போகிறேன். வாசலில் புதுப் பலகை ஒன்று தெரிகிறதா? ஜாக் டோலன் மண்டபம். வருகிற சனிக்கிழமை திறக்கிறார்கள். மேயர் வருகிறாராம். ஒரு மடையனுக்கு மண்டபம் கட்டித் திறக்கிற நாடு இது.

டோலன் யார் என்று உமக்குத் தெரியாது. தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.

நூற்றிமுப்பது வருஷத்துக்கு முந்திய ஆள். செங்கல் சூளையில் பதினொரு வயதில் வேலைக்குப் போனவன். படிப்பு இல்லை. அதை நான் பிழை சொல்லமாட்டேன், நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். கழகத்தில் அவனைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. என் மகள் சின்னனாக இருக்கும்போது சனிக்கிழமைகளில் என்னோடு வருவாள். நான் அலமாரி துடைக்க, அவள் அதை வாசித்து வாசித்துச் சொல்லுவாள். அதனால் அந்த மடையனின் சீவியம் முழுக்க எனக்குப் பாடம்.

பதினேழு வயதில் ஆட வந்தான். அந்தக் காலத்து ஆட்டம் எப்படி என்று நினைக்கிறீர்? கன்வஸ் சட்டை, நெஞ்சில் சப்பாத்துக்குக் கட்டுகிற மாதிரிக் கயிறு. எதிராளி பிடித்தால் வழுக்க வேண்டும் என்று சட்டைக்கு ஆட்டுக் கொழுப்புப் பூசுவார்களாம். சப்பாத்தின் அடியில் தோல் துண்டுகளை ஆணி வைத்து அடிப்பார்கள். சம்பளம் இல்லை. நல்லாக ஆடினால் இறைச்சிக் கடைக்காரன் ஒரு ஆட்டுத் தொடை கொடுப்பான். அதற்கு இந்தப் பாடு.

படத்தைப் பார்த்தால் ஆளும் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. கட்டை. மீசை மட்டும்தான் பெரிசு. ஆனால் பந்தை நிலத்தில் வைத்து அடிப்பதில் கெட்டிக்காரனாம். விரலை எச்சில் தொட்டுக் காற்றுப் பார்ப்பான். பிறகு குதியால் நிலத்தைக் கிண்டி ஒரு குழி செய்வான். அதில் பந்தை முட்டையை நிறுத்துகிற மாதிரி நிறுத்திவிட்டு, ஏழு அடி பின்னால் போவான். ஏழுதான், எட்டு இல்லையாம். சனம் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்குமாம். ஒன்பது வருஷம் ஆடினான். அதை நான் ஆட்டம் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். பந்தைக் கையால் பிடிக்கிறதும், முதுகில் ஏறுகிறதும், அது என்ன புட்போல்? ஆனால் ஒரு விஷயம் மட்டும் நல்லது. இந்த விளையாட்டில் ஓஃப்சைட் என்ற கோதாரி கிடையாது. எவனும் எங்கேயும் நிற்கலாம். அதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் அங்கே வேலை செய்தேன் என்று மனிசி பகிடி பண்ணுவாள்.

சரி, டோலன். தொண்ணூற்றிநாலாம் ஆண்டு, ஆயிரத்து எண்ணூற்றித் தொண்ணூற்றிநாலு. கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமன். இவன் பந்தை நிலத்தில் விழாமல் பிடித்துவிட்டான், அப்படிப் பிடித்தவனை ஒருவரும் மறிக்க ஏலாது, இனி அடிக்க வேண்டியதுதான். குழி கிண்டினான். ஏழு அடி போனான். அடித்தான். பந்து இரண்டு நடுக் கம்பத்துக்கும் இடையால் போனது. சனம் உள்ளே பாய்ந்துவிட்டது.

கம்பத்துக்குக் கீழே வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிற்கிற நடுவர், கோலுக்குத் தூக்குகிற கொடியைத் தூக்கவில்லை. ஃபிட்ச் என்று பெயர், பேக்கரிக்காரன். “பந்து இடது கம்பத்தில் பட்டுப் போனது, கோல் இல்லை” என்று சொல்லிவிட்டான். அந்த விளையாட்டில் கம்பத்தில் லேசாகத் தட்டினாலும் கோல் இல்லை. அதுதான் சட்டம்.

டோலன் போய் ஃபிட்சின் தொப்பியைத் தட்டி விழுத்தினான். அடுத்த வருஷம் முழுக்கத் தடை. திரும்பி வந்தான், முழங்கால் உடைந்தது, ஆட்டம் முடிந்தது.

ஒரு மனுஷன் அதோடு விட வேண்டுமா இல்லையா, சொல்லும்?

விடவில்லை. கழகம் பாவம் பார்த்து மைதானம் காவல் பார்க்கிற வேலை கொடுத்தது. என் வேலைதான். ஆனால் அவனுக்குக் குதிரையும் நிலத்தை அமத்துகிற உருளையும் கொடுத்தார்கள், எனக்கு ஒரு பழைய மெஷின். புல்லில் குளம்பு பதியக்கூடாது என்று குதிரைக்குத் தோல் சப்பாத்துப் போடுவார்களாம். நாலு காலுக்கும். அந்தச் சப்பாத்தில் ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைக்க எனக்கு விருப்பம். குதிரை ஒருவரோடும் கோபிக்கவில்லை.

ஆனால் சப்பாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பாரும், அதைத் துடைக்கத்தான் பத்திக்கொண்டு வரும். மூன்று அடி மரத்துண்டு. கழகம் பழைய கம்பங்களை மாற்றியபோது, டோலன் அந்த இடது கம்பத்தின் மேல் பக்கத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். முப்பது வருஷம் வீட்டில் வைத்திருந்தான். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவானாம்: “பார், தோல் பட்ட அடையாளம் எங்கேயாவது இருக்கா?” மழையில் நின்ற மரத்தில் என்ன அடையாளம் இருக்கும்? மடையன். இப்போது அதற்குப் புதுக் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே லைட் போட்டிருக்கிறார்கள். செக்ரட்டரி கெவின் என்னிடம் சொல்கிறான், “குலம், இதை மட்டும் பஞ்சு போட்டுத் துடை” என்று. விறகை.

இன்னும் கேளும். ஃபிட்சின் பேக்கரி டோலன் வீட்டிலிருந்து ஆறாவது கட்டடம். டோலன் அங்கே பாண் வாங்க விடமாட்டான். அவன் மனுஷி ஒவ்வொரு நாளும் இரண்டு மைல் நடந்து அடுத்த ஊரில் வாங்கி வருவாள். வயிற்றில் பிள்ளையோடும் நடந்தாளாம். தன்னுடைய வீம்புக்கு மனுஷியை அலைக்கிற ஆம்பிளைகளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

என் மனிசியா? அவள் அலையவில்லையே. பஞ்சலிங்கம் வீட்டுக்குப் போனால் பஸ்ஸில் போவாள். விசேஷங்களுக்கு இரண்டு பேருக்குமாக அவள் ஒருத்தி போய்வருவாள். அது வேறு.

சரி, கேட்டுவிட்டீர், சொல்கிறேன். ஒரேயடியாகச் சொல்லிவிட்டு டோலனுக்கு வருகிறேன்.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் ஒரு சுழற்கேடயப் போட்டி, காலால் ஆடுகிற எங்கடை புட்போல், இறுதி ஆட்டம், பக்கத்து ஊரோடு. எனக்கு இருபது வயது. அந்த நாளில் ஊர்ப் போட்டிகளில் நடுவரை மட்டும்தான் வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். கோட்டில் கொடியோடு நிற்க இரண்டு கழகமும் ஒவ்வொரு ஆளைக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் பஞ்சலிங்கத்தைக் கொடுத்தோம். ஆட மாட்டான், கால் ஒத்துழைக்காது. ஆனால் சட்டப் புத்தகம் வைத்திருந்தான். அப்பவே நான் யோசித்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று இருந்தது, பிள்ளை. முதல் பாதியில் உன் கண்ணுக்கு முன்னால் எதிராளி அடிக்க வருவான். அப்ப கொடி தூக்கு, எத்தனை தரம் வேண்டுமென்றாலும் தூக்கு. பஞ்சலிங்கம் நாலு தரம் தூக்கினான், ஊரே கைதட்டியது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். இப்ப உனக்கு முன்னால் உன்ரை ஆட்கள். அப்ப கொடியைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆளும் அதையேதான் செய்வான். இது களவு இல்லை. இரண்டு ஊருக்கும் சமமான வழக்கம்.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. பந்து எனக்கு வந்தது. அடித்தேன். வலை கிழிகிற மாதிரி ஒரு அடி. நடுவர் விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டிவிட்டார். கோல்! கொடுத்த கோல், பிள்ளை. “டேய் குலம், வெண்டிட்டமடா!” என்று பொடியள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மாவட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்ய வந்த இரண்டு பேர் கதிரையிலிருந்து எழும்பி நின்றதை நான் மேலேயிருந்து கண்டேன்.

அங்கேயிருந்துதான் அவனையும் கண்டேன். கோட்டில் தனிய நிற்கிறான். கை மேலே. கிழிந்த சிவப்புச் சாரத் துண்டில் செய்த கொடி. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. நடுவருக்கு முதுகுப் பக்கம். இறக்கியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரியாது. நான் தோளில் இருந்துகொண்டு கத்தினேன்: “பஞ்சலிங்கம், கையை இறக்கடா! கையை இறக்கடா!” இறக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சனம் ஒவ்வொருவராக அவனைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் நடுவரும் பார்த்தார்.

“ஆள் முன்னுக்கு நிண்டவர், சேர். நான் கண்டனான்” என்றான்.

ஒரு முழம். பந்து வரும்போது அவர்களின் கடைசி ஆளைத் தாண்டி ஒரு முழம் முன்னால் நின்றிருப்பேன், அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு முன்னுக்கா?

கோல் போனது. கடைசி நிமிஷத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். கேடயம் போனது. மாவட்டத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அந்த ஊர்ப் பொடியனின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பஞ்சலிங்கத்தைக் கேட்டேன், “நீ எங்கடை ஆளோ, அவையின்ரை ஆளோ?” என்று. என்ன சொன்னான் தெரியுமா? “நான் கோட்டிலை நிண்ட ஆள்.”

அவ்வளவுதான். கொடியைப் பிடுங்கித் தடியை முறித்தேன். எனக்கும் ஒரு வருஷத் தடை போட்டார்கள். ஆனால் நான் அவனில் கை வைக்கவில்லை, தடியில்தான் வைத்தேன். டோலன் மாதிரித் தொப்பி தட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. முறித்த பாதித் தடியை வீட்டுக் கூரை வளையில் செருகி வைத்திருந்தேன். இங்கே வரும்போது விட்டுவிட்டு வந்தேன். பிளேனில் தடி ஏற்றமாட்டார்கள் என்றார்கள்.

யார் என்னை இங்கே கூப்பிட்டது என்றா? அவன்தான். பஞ்சலிங்கம் முந்தி வந்துவிட்டான். தொண்ணூறில் ஸ்பொன்சர் கையெழுத்து அவனுடையது. நான் கேட்கவில்லை, மனிசி கேட்டாள். விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வந்தான். நான் பின் சீற்றில் இருந்தேன். கழகத்து வேலையும் அவன் சொல்லித்தான் கிடைத்தது. நன்றியெல்லாம் மனிசி சொல்லிவிட்டாள்.

அவள் நேற்றும் பேசினாள். “ரெண்டு பேருக்கும் கிழடு தட்டிப் போச்சு. இன்னும் என்னப்பா ஓஃப்சைட்?” என்று. பொம்பிளைகளுக்கு ஆட்டம் விளங்காது. உமக்கு விளங்குகிறது, முகத்தில் தெரிகிறது.

எங்கே விட்டேன்? டோலன்.

அவன் செய்ததில் கேவலமான வேலை இனித்தான் வருகிறது. ஃபிட்ச் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தான். சாகப் போகிறான் என்று தெரிந்ததும் மகளை மைதானத்துக்கு அனுப்பினான். அவள் கையில் ஒரு பாண், சுடச்சுட. “அப்பா உங்களை ஒருக்கா வரச் சொல்லுறார்” என்றாள். டோலன் குதிரையை நிறுத்தவில்லை. உருட்டிக்கொண்டே சொன்னானாம்: “கம்பத்தில் பட்டதா, படவில்லையா? அதை மட்டும் கேட்டுக்கொண்டு வா.”

பெட்டை போய்க் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். “பட்டது எண்டு சொன்னார்” என்றாள். டோலன் பாணைக் குதிரைக்குக் கொடுத்தான்.

அன்றைக்குப் பின்னேரம் ஃபிட்ச் செத்துப்போனான். பிரேத ஊர்வலம் மைதானத்து வேலியோரமாகப் போனது. டோலன் உருளையை நிறுத்தவில்லை.

செத்துப்போகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா, பிள்ளை, அது? எட்டாம் வகுப்பு என்றாலும் எனக்கு அந்த அறிவு இருக்கிறது. அவனுக்கு மண்டபம். மேயர். கெவின் சொல்கிறான், “அது அவருடைய உறுதி, குலம். கழகத்தின் குணமே அதுதான்” என்று. உறுதியாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் அந்த இடத்தை வாசித்தபோது அவளுக்குப் பத்து வயது. புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, இவர் உங்களைப் போல” என்றாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும். மீசையைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

இன்னும் எத்தனை தரிப்பு? மூன்றா?

இல்லை, வழி எனக்குத் தெரியும். நேற்றும் வந்தேன். முந்தநாளும் வந்தேன். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது, கதவு திறந்தது. என் முழங்கால் எழும்ப விடவில்லை. கடைசித் தரிப்பு வரைக்கும் போய், அங்கே வாங்கில் குந்திக்கொண்டு இடியப்பத்தை நானே சாப்பிட்டேன். நல்ல இடியப்பம். வீண்போகக்கூடாது. முந்தநாளும் அப்படித்தான். மனிசி “சாப்பிட்டவரோ?” என்று கேட்டாள். “வடிவாச் சாப்பிட்டான்” என்றேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இன்றைக்குக் கத்தரிக்காய்.

என்ன சொல்கிறீர்? உமது வார்ட்டா? ஐந்தாம் மாடி, ஜன்னலோரம், மெலிந்த ஆள், நெற்றியில் ஒரு மச்சம். ஓம், அவன்தான்.

ஒன்றும் வாயால் எடுப்பதில்லையா? நாலு நாளாகவா?

அப்ப இந்தப் பை…

சரி. அப்ப நான் இறங்க வேண்டிய தேவையே இல்லை. சாப்பாடு கொடுக்க முடியாத இடத்துக்கு ஆள் எதற்கு? நீர் வேண்டுமென்றால் பையைக் கொண்டுபோம், உம்முடைய சிநேகிதப் பிள்ளைகளோடு சாப்பிடும். அவன் கண் விழித்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். குலம் பஸ்ஸில் வந்தான் என்று சொல்ல வேண்டாம். ஒரேயொரு விஷயம் மட்டும், கேட்க முடிந்தால், நீர் கேட்கிற மாதிரி, அன்றைக்கு நான் உண்மையில்…

இல்லை. விடும். கேட்க வேண்டாம். நான் டோலன் இல்லை.

ஆள் கதைக்கிறானா? கதைப்பதில்லை. பிறகு?

கையா? என்ன கை?

வலது கையைத் தூக்குகிறானா. நீங்கள் இறக்கி வைத்தாலும் திரும்பவும் தூக்குகிறானா. வாசல் பக்கம் பார்த்தபடி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

எத்தனை நாளாக?

கூப்பிடுகிற மாதிரி என்று உமக்கு யார் சொன்னது? நீர் அவனை நேற்றுப் பார்த்த பிள்ளை. எனக்கு அந்தக் கையை ஐம்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். கொடி தூக்குகிறான். சாகக் கிடக்கிற நேரத்திலும் எனக்குக் கொடி தூக்குகிறான். என்ன நெஞ்சழுத்தம் பாரும். ஊசி குத்தின கை, அதையும் தூக்கிக்கொண்டு. நோகாதா அவனுக்கு? பக்கத்தில் ஒரு மனுஷர் இல்லையா, பிடித்து வைத்திருக்க?

பெல்லை அடியும். அடியும், பிள்ளை, தரிப்புத் தாண்டப் போகிறது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடியும், சொதி ஊற்றுப்படும். என் கையையும் பிடியும், இந்த முழங்காலை நம்ப ஏலாது.

நான் அவனைப் பார்க்க வரவில்லை. அதை வடிவாக விளங்கிக்கொள்ளும். நீங்கள் எல்லாம் இங்கிலிசில் மெதுவாகச் சொல்லியிருப்பீர்கள். அதற்கெல்லாம் அவன் கேட்கமாட்டான். கிட்டப் போய், கையைப் பிடித்து, சத்தமாகச் சொல்ல வேண்டும், கையை இறக்கடா என்று.

டிரைவர், பொறும்! கதவைப் பூட்டாதையும். ஆள் இறங்குது.